கண்ணாடிப் பெட்டிக்குள் சைக்கிள்

அந்தப் பெரிய மருத்துவமனையில் கார் நிறுத்த இடம் உண்டு. மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம் உண்டு. இயக்குநரின் மனைவி எப்போதாவது வந்தால், அவருடைய நாய் இறங்கிக் கால் நீட்ட ஒரு துண்டுப் புல்தரை கூட உண்டு. சைக்கிளுக்குத்தான் இடம் இல்லை. வேண்டுமென்று செய்ததாகச் சொல்ல முடியாது. அப்படி ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்து ஒரு மனிதர் வேலைக்கு வரக்கூடும் என்று, கட்டடம் கட்டியவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஒருவர் பல வருஷங்களாக வந்துகொண்டிருந்தார். பின்பக்கம், பிணவறைக்கும் சலவைக்கூடத்துக்கும் நடுவே இருக்கிற பாய்லர் அறையின் ஆள் அவர். சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் டீசல் புகை வாடை போகாது என்பதால் எல்லோருக்கும் அவர் புகையண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அவருடைய வேலையை ஒரு வாய்த் தேநீர் குடிக்கும் நேரத்தில் சொல்லிவிடலாம். விடியும் முன்பே வந்து பாய்லரைப் பற்ற வைக்க வேண்டும். அது சூடேறி நீராவி விடுவதற்குள் பொழுது விடிந்துவிடும். அந்த நீராவியில்தான் அறுவை அறைக்குப் போகும் துணிகளும் கத்திகளும் கத்தரிகளும் கிருமி சாக வேகும். நீராவி இல்லையென்றால் துணி இல்லை, துணி இல்லையென்றால் அறுவை இல்லை. எவ்வளவு பெரிய சர்ஜனாக இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். முன்பு இந்த வேலைக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்றுப் போனபின் அந்த இடத்தைச் சிக்கனத்துக்காகக் காலியாகவே வைத்திருந்தார்கள். முதல் பஸ்ஸோ விடிந்த பிறகுதான் கண் விழிக்கும். ஆகவே சைக்கிள்.

வீட்டில் அவரும் அவருடைய அக்காவும் மட்டும். அக்கா தையல்காரி. அக்கம்பக்கத்தில் யார் உடம்பு என்ன அளவு என்பது அவள் விரல் நுனியில் இருக்கும், அதைச் சொல்லிக் கேலி செய்வதும் அவள்தான். கொஞ்ச நாளாக அவள் வயிற்றில் ஒரு கட்டி. மருத்துவமனைக்குத் தம்பியின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்துதான் வந்து போனாள். குழியில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் உயிர் போகிற வலி. அதனால் மிச்சத் துணியில் நீலக் கட்டம் போட்ட ஒரு திண்டு தைத்து, உள்ளே பஞ்சும் கத்தரித்த துணுக்குகளும் திணித்து, கேரியரில் நாடா வைத்துக் கட்டிவிட்டாள். நாள்பட அவள் உட்கார்ந்து உட்கார்ந்து அதன் நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது.

“இனிமே தள்ளிப் போடக் கூடாது,” என்று சர்ஜன் சொல்லிவிட்டார். அடுத்த மாதப் பட்டியலில் அக்காவுக்கு ஒரு நாள் குறித்தார்கள். புகையண்ணனுக்கு அன்றிலிருந்து வேறு நினைப்பே கிடையாது. அந்த நாள் வர வேண்டும், அன்றைக்குப் பாய்லர் மக்கர் செய்யாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

இந்தச் சமயத்தில்தான் நிர்வாக அதிகாரியாக ஒரு புது மேடம் வந்து சேர்ந்தார். எப்போதும் சிரித்த முகம். அந்தச் சிரிப்போடுதான் வாசல் கேட்டுகளை மாற்றியமைத்தார். வண்டி வரும் வழியில் ஒரு குறுக்குக் கட்டை. கேமரா நம்பர் பலகையைப் படித்தால் கட்டை தானாக எழும்பும். நடந்து வருபவர்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வாசல். முதல் நாளே புகையண்ணன் கட்டையின் முன்னால் சைக்கிளோடு நின்றார். கேமரா அவரைப் பார்த்தது. அவர் கேமராவைப் பார்த்தார். கட்டை அசையவில்லை.

“அண்ணே, தப்பா நினைக்காதீங்க,” என்றார் வாசல் காவலர். “வண்டின்னா நம்பர் வேணும்.”

“அப்ப சின்ன வாசல் வழியா உருட்டிட்டு வரேன்.”

“அங்க சக்கரம் எதுவும் உருளக் கூடாதுன்னு உத்தரவு.”

“பாய்லர் பத்த வைக்கணுமே. நான் என்னதான்யா பண்றது?”

காவலர் யோசித்தார். நல்ல மனுஷன். விதி அவர் கையில் இல்லை, விசில் மட்டும்தான் இருந்தது. “தூக்கிட்டு வந்தா அது வண்டி கணக்கில்ல அண்ணே. சாமான். சாமானுக்குத் தடை இல்ல.”

அன்றிலிருந்து புகையண்ணன் தினமும் வாசல் வரை சைக்கிளில் வந்து, இறங்கி, அதைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். காவலர் ஹேண்டில்பாரில் ‘கைச்சாமான்’ என்று ஒரு சீட்டைக் கட்டுவார். உள்ளே ஊசியோ வெடியோ இருக்கிறதா என்று திண்டை ஒரு முறை அமுக்கிப் பார்ப்பார். அதுவும் உத்தரவுதான்.

அக்காவுக்கு விஷயம் தெரிந்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “இத்தனை வருஷம் அது உன்னைச் சுமந்துச்சு. இப்ப நீ அதைச் சுமக்கிறே. கணக்கு நேராயிடுச்சு போடா.” சிரித்ததில் வலி வந்து, அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள்.

இத்தோடு போயிருந்தால் தோள்வலியோடு போயிருக்கும். ஆனால் இயக்குநருக்குப் பசுமை மருத்துவமனை விருது வாங்க வேண்டும் என்று ஆசை பிறந்தது. பக்கத்து ஊர் மருத்துவமனை ஒன்று அதை வாங்கி வாசலில் மாட்டிவிட்டதாம். உடனே பசுமைக் குழு அமைத்தார்கள். சர்ஜனிலிருந்து சமையற்கூட மேலாளர் வரை எல்லோரும் உறுப்பினர்கள். குழு கூடிக் கூடிக் காகிதம் தீர்ந்ததுதான் மிச்சம். விருதுக்காரர்கள் கேட்டிருந்த கேள்விகளில் ஒன்று அவர்களை மடக்கிவிட்டது. உங்கள் ஊழியர்களில் எத்தனை பேர் சைக்கிளில் வேலைக்கு வருகிறார்கள்? பூஜ்யம் என்றால் போட்டியிலேயே சேர்க்க மாட்டார்கள்.

யாரும் இல்லையே என்று குழு கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, தேநீர் கொண்டு வந்த இடத்தில் வாசல் காவலர் வாயை விட்டார். “ஒருத்தர் தினமும் ஒண்ணைத் தூக்கிட்டு வர்றாருங்க.”

அடுத்த பத்தாவது நிமிஷம் மேடம் பாய்லர் அறையில் இருந்தார். பிறந்ததிலிருந்து அப்படி ஓர் இடத்துக்கு வந்திராதவர், கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கேட்டார். “நீங்க சைக்கிள்லதான் வர்றீங்களா?”

புகையண்ணன் அவசரமாக எழுந்து நின்றார். “மன்னிச்சிடுங்க மேடம். பஸ்ஸு நேரத்துக்கு இல்ல, அதான்...”

“ஐயோ, மன்னிப்பா? நீங்கதாங்க நம்ம எதிர்காலம்!” என்றார் மேடம். பிறகு கொஞ்சம் தயங்கி, “உங்களை என்னவோ புகையண்ணன்னு கூப்பிடறாங்களாமே. விருது முடியற வரைக்கும் பசுமையண்ணன்னு வச்சுக்கலாமா?” என்றார்.

பாராட்டுக் கூட்டம் குளிரூட்டிய அரங்கில் நடந்தது. கூட்டம் முடியும் வரை வெளியே டிரைவர்கள் கார்களின் என்ஜினை அணைக்காமல் வைத்திருந்தார்கள், ஐயாமார்கள் திரும்பி ஏறும்போது உள்ளே சூடாக இருக்கக் கூடாது அல்லவா. இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

“எனக்கும் சின்ன வயசுல சைக்கிள்ல போகணும்னு ஆசை. ஆனா வீட்ல கார் இருந்ததால அந்த வாய்ப்பு அமையல. இவருக்கு அமைஞ்சிருக்கு. இல்லாமைங்கிறது ஒரு வகையில இயற்கைக்குச் செய்யற தொண்டு. இவருக்குச் சம்பளத்தை உசத்தணும்னு போன வருஷம் ஒரு யோசனை வந்தது. நல்ல வேளை, செய்யல. செஞ்சிருந்தா இவர் இன்னிக்கு மோட்டார் சைக்கிள் வாங்கியிருப்பார். நாம ஒரு மாமனிதரை இழந்திருப்போம்.”

கைதட்டல் ஓயக் காத்திருந்து மேலும் சொன்னார். “எல்லாரும் இவரைப் பின்பற்றணும்னு நான் சொல்ல மாட்டேன். எல்லாரும் பின்பற்றிட்டா அப்புறம் இவருக்கு என்ன மரியாதை?”

அதன்பின் உறுதிமொழி. துறைத் தலைவர்கள் ஒவ்வொருவராக அந்தச் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, ஒரு கையை நெஞ்சில் வைத்து, படம் எடுத்துக்கொண்டார்கள். இயக்குநரை நான்கு பேர் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்தார்கள். அவர் இறங்கும்போது பின்சக்கரம் லேசாகக் கோணிக்கொண்டது. புகையண்ணன் ஓரமாக நின்று அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குப் போகலாம் என்று வந்தால் சைக்கிளைக் காணவில்லை. தேடிக்கொண்டு முன்கூடத்துக்குப் போனார். நோயாளிகள் சீட்டு வாங்கும் இடத்தில், நாற்காலிகள் சிலவற்றை அகற்றிவிட்டு, அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்திருந்தார்கள். அதற்குள் அவருடைய சைக்கிள் நின்றது. மேலே விளக்கு. ஹேண்டில்பாருக்குப் பக்கத்தில் ‘நமது பெருமை’ என்று ஒரு பலகை. கேரியரில் அக்காவின் திண்டுக்கு அடியில் இன்னொரு பலகை. ‘மறுசுழற்சி செய்த சூழல் இருக்கை.’

மேடம் பக்கத்தில் நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம், நான் வீட்டுக்குப் போகணும்.”

“தாராளமாப் போங்க.”

“சைக்கிள்...”

“இனிமே அது உங்க சைக்கிள் இல்லீங்க. நம்ம எல்லாரோட சைக்கிள்.”

“நாளைக்குக் காலையில நான் எப்படி வேலைக்கு வர்றது?”

“வழக்கம் போலத்தான். சைக்கிள்ல.” புகையண்ணன் முகம் போன போக்கைப் பார்த்து மேடம் குரலைத் தாழ்த்தினார். “உங்க கஷ்டம் எனக்குப் புரியாம இல்ல. இதுக்குன்னே ஒரு துணைக்குழு போட்டிருக்கோம். கூடிய சீக்கிரம் கூடும்.”

அதிகாலையில் ரத்தம் எடுக்கும் பெண்களைக் கூட்டி வர ஒரு வேன் அவர் தெரு முனை வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. அதில் ஓர் ஓரமாக ஒட்டிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். மேடத்தின் சிரிப்பு முதல் முறையாகக் கொஞ்சம் சுருங்கியது. “வேன்ல ஏறினா நீங்க சைக்கிள்ல வர்ற ஊழியர் இல்லையே. நம்ம எண்ணிக்கை பூஜ்யம் ஆயிடும். இவ்வளவு பேர் உழைப்பை வீணாக்கலாமா? நீங்களே சொல்லுங்க.” பாய்லர் அறையிலேயே ராத்திரி படுத்துக்கொள்கிறேன் என்றார். அதற்கும் அதே பதில்தான். படுத்துக் கிடக்கிறவர் எப்படிச் சைக்கிளில் வருகிறவர் ஆவார்?

வேறு சைக்கிள் வாங்கக் கையில் வழியில்லை, இருந்ததெல்லாம் அக்காவின் மருந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுத் தச்சரிடம் கேட்டார். அவர் மறு பேச்சில்லாமல் தன் சைக்கிளைக் கொடுத்தார். அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால் காவலர் கும்பிடாத குறையாகத் தடுத்தார். பதிவான சைக்கிள் ஏற்கனவே உள்ளே போய்விட்டது, வெளியே வரவில்லை. ஒரு ஊழியருக்கு ஒரு சைக்கிள்தான். நேரமாகிறதே என்று அதை மதில் ஓரமாக ஒரு கம்பத்தில் பூட்டிவிட்டு உள்ளே ஓடினார்.

மத்தியானம் வெளியே ஒரே களேபரம். ஆள் இல்லாத பொருள் ஒன்று மதில் ஓரம் நிற்கிறது என்று பாதுகாப்புப் பிரிவுக்குத் தகவல் போயிருந்தது. சைக்கிளைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கி, தெருவை மறித்து, இருபுறமும் ஆம்புலன்சுகளைக் கூட நிறுத்தி வைத்துவிட்டு, அதை ரம்பத்தால் துண்டு துண்டாக அறுத்து உள்ளே ஒன்றுமில்லை என்று உறுதி செய்தார்கள். துண்டுகளை ஒரு சாக்கில் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, புகையண்ணனிடமே கொடுத்தார்கள். தச்சர் திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். அவர் சாக்கை வாங்கி உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதன் பிறகு நடைதான், பசுமைக் குழுவின் ஏட்டில் மட்டும் அவர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். ஊர் தூங்கும்போதே எழுந்து, அக்காவுக்குச் சுடுதண்ணீர் வைத்துவிட்டு நடப்பார். கால் வீங்கியது. ஆனாலும் ஒரு நாள் கூடப் பாய்லர் தாமதமாகவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை, தாமதமானால்தானே கவனிப்பார்கள்.

“திண்டையாவது கழட்டிட்டு வரக் கூடாதாடா?” என்று அக்கா கேட்டாள்.

“அதுக்கும் பலகை வச்சிட்டாங்கக்கா.”

“நான் உக்காந்த துணிக்குக் கண்ணாடிப் பெட்டியா!” அக்காவுக்குக் கண்ணில் நீர் வரச் சிரிப்பு. “நல்லாப் பார்த்துக்கச் சொல்லு. பின்னாடி தையல் கொஞ்சம் கோணலா இருக்கும். நாலு பேர் பார்க்கிற இடம்.”

குறித்த நாளுக்கு முந்தைய மாலை அக்காவை மருத்துவமனையில் சேர்த்தார். மறுநாள் பட்டியலில் முதல் பெயர் அவளுடையதுதான். வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும் வழியில் முன்கூடத்தில் அந்தப் பெட்டியைப் பார்த்து, நிறுத்தச் சொன்னாள். சக்கர நாற்காலியிலிருந்து எட்டிக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். உடம்பு அதற்குள் பாதியாகிவிட்டிருந்தது. கைரேகை படியும் என்று ஒரு பெண் ஓடி வந்து துடைத்தாள்.

“முடிஞ்சு வீட்டுக்குப் போறப்ப இதுலதான்டா போவேன். கேட்டு வாங்கி வை.”

“சரிக்கா.”

“காலையில நேரத்துக்கு வந்துடுவே இல்ல? என்னைக் கிடத்தி வச்சுட்டுத் துணி இல்லன்னு சொல்லிடப் போறாங்க.”

“வந்துடுவேன்க்கா. இதுக்கு முன்னாடி என்னிக்காவது வராம இருந்திருக்கேனா?”

பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது என்பதால் வீட்டுக்கு நடந்தார். தூக்கம் பிடிக்கவில்லை. வழக்கத்துக்கு வெகு முன்பாகவே கிளம்பி, இருட்டோடு இருட்டாக வாசலுக்கு வந்துவிட்டார்.

வாசலில் ஒரே வெளிச்சம். பெரிய விளக்குகள், கேமராக்கள், பூங்கொத்துகள். அவருடைய சைக்கிளைக் கழுவித் துடைத்து வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். மேடம் புத்தாடையில் இருந்தார். விருதுக் குழு பார்வையிட வரும் நாளும் அதே நாள் என்பது அப்போதுதான் புகையண்ணனுக்குத் தெரிந்தது.

“நல்ல வேளை, வந்துட்டீங்களா!” என்றார் மேடம். புகையண்ணன் சின்ன வாசலை நோக்கி நடந்ததும் கையை நீட்டி மறித்தார். “எங்க போறீங்க? நீங்க இன்னும் வரலை.”

“இதோ வந்துட்டேனே மேடம்.”

“நடுவர்கள் வரட்டும். அவங்க பார்க்கும்போதுதான் நீங்க சைக்கிள்ல வரணும். அதுவரைக்கும் நீங்க வரலைன்னு அர்த்தம்.”

“பாய்லர் பத்த வைக்கணும் மேடம். பத்த வச்சிட்டு ஓடி வந்து நிக்கிறேன். எங்க அக்காவுக்கு இன்னிக்கு ஆபரேஷன். முதல் பேரே அவங்கதான்.”

“ஓ, அப்படியா! நல்லபடியா நடக்கும், கவலைப்படாதீங்க,” என்று மேடம் அவர் கையைத் தட்டிக் கொடுத்தார். உண்மையான இரக்கத்தோடுதான் தட்டினார், அதுதான் கொடுமை. “ஆனா இப்ப பாய்லர் பத்த வச்சா குழாய்ல கரும்புகை வரும் இல்ல? பசுமை விருது கொடுக்க வர்றவங்க கண்ணுல முதல்ல அதுவா படணும்? கொஞ்ச நேரம்தானே.”

புகையண்ணன் காவலரைப் பார்த்தார். காவலர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஓடினால் வேலை போகும். வேலை போனால் ஊழியர் குடும்பம் என்று அக்காவுக்குக் கிடைத்த படுக்கையும் போகும். கால்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன.

கிழக்கு வெளுத்தது. முதல் பஸ் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அவர்களெல்லாம் வேலைக்கு வந்துவிட்டார்கள், அவர் மட்டும் இன்னும் வரவில்லை. நடுவர்கள் விடுதியில் சாப்பிட்டு முடித்து, வெயில் ஏறிய பிறகு மூன்று கார்களில் வந்து இறங்கினார்கள். புகையண்ணனைச் சைக்கிளில் ஏற்றினார்கள். பெட்டிக்குள் நின்று நின்று டயரில் காற்றே இல்லை, கோணிய சக்கரம் வேறு. பின்னாலிருந்து இருவர் குனிந்து தள்ள, கேமரா கண்ணில் அவர்கள் படாமல் பார்த்துக்கொள்ள, அவர் சைக்கிளில் வேலைக்கு வந்தார். அவருக்காக அன்று குறுக்குக் கட்டை எழும்பியது. முகத்தில் மகிழ்ச்சி போதவில்லை என்று இன்னும் இரண்டு முறை வரச் சொன்னார்கள்.

இயக்குநர் நடுவர்களுக்கு வானத்தைக் காட்டினார். “அதோ பாருங்க, எங்க பாய்லர் குழாய். ஒரு இழை புகை இருக்கா? எந்த மருத்துவமனையிலயாவது இந்த நேரத்துல இப்படிப் பார்த்திருக்கீங்களா? இங்க காத்தை நாங்க நோயாளி மாதிரிப் பார்த்துக்கறோம்.”

நடுவர்கள் மெய்மறந்து குறித்துக்கொண்டார்கள்.

புகையண்ணன் சைக்கிளைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு ஓடினார். பர்னரைப் பற்ற வைத்தார். பிரஷர் முள் படுத்தே கிடந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. அறுவை அறை சிஸ்டர்.

“அண்ணே, துணி வரலையே. டாக்டர் கையைக் கழுவிட்டு நிக்கிறார்.”

“வந்துடும்மா. ஏறிட்டு இருக்கு. கொஞ்சம் நிக்கச் சொல்லும்மா. எங்க அக்காம்மா அது.”

“தெரியும்ணே. நானும் சொல்லித்தான் பார்க்கிறேன்.”

முள் பாதிக்கு வந்தபோது மறுபடியும் போன். சர்ஜன் பசுமைக் குழுவின் செயலாளர் வேறு, அவரை மேடைக்கு அழைத்துப் போய்விட்டார்கள். மேடை முடிந்ததும் விருந்து. விருந்து முடிந்ததும் அவருக்கு வெளியூர்ப் பயணம். அன்றைய பட்டியல் முழுவதும் அப்படியே தள்ளிப் போனது. சற்று நேரத்தில் அறை நிறைய நீராவி வந்தது, வாங்கிக்கொள்ள யாரும் இல்லாமல் வால்வு வழியாகக் கத்திக்கொண்டு வெளியேறியது.

அக்கா வார்டில் பட்டினியோடு கண்ணை மூடிக் கிடந்தாள். அவர் வந்ததும் திறந்தாள். “நீ நேரத்துக்கு வரலையாடா?”

“நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டேன்க்கா.”

“அதானே,” என்றாள். “எனக்குத் தெரியும். விடு.”

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? வாசலில் நின்றுகொண்டு வராமல் இருந்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

சர்ஜன் திரும்பி வரும்வரை பொறுக்கக் கட்டிக்குத் தெரியவில்லை. சில நாட்களில் அது உள்ளே உடைந்தது. அவசரமாக வேறொரு சர்ஜன் வந்து பார்த்து, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். விடியும் நேரம் அக்கா போய்ச் சேர்ந்தாள். அப்போது புகையண்ணன் பாய்லரைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். வார்டிலிருந்து பிணவறைக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போனவர்கள் பாய்லர் அறை வாசலைத் தாண்டித்தான் போனார்கள். யாரோ என்று அவர் வழி விட்டு நின்றார். பிறகுதான் சிஸ்டர் ஓடி வந்து சொன்னாள்.

ஈமக்காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று விசாரணை வைத்திருந்தார்கள். பட்டியல் தள்ளிப் போனதற்கு யாராவது பொறுப்பாக வேண்டும் அல்லவா. மூன்று பேர் உட்கார்ந்து வாசல் கேமராவின் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். வெயில் ஏறிய நேரத்தில், சைக்கிளில், அவர் உள்ளே நுழைவது தெளிவாகத் தெரிந்தது.

“இதுக்கு முன்னாடி நீங்க வந்ததுக்குச் சாட்சி இல்ல.”

“வாசல்ல நின்னேங்க. மேடம்தான் நிக்க வச்சாங்க.”

“வாசல்ல நிக்கிறது வருகை ஆகாது,” என்றார் மேடம் வருத்தத்துடன். “விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே? உங்க துக்கத்துல நானும் பங்கெடுத்துக்கறேன். ஆனா பாருங்க, உங்க தாமதத்தால பாதிக்கப்பட்டது உங்க அக்கா மட்டும் இல்ல. அன்னிக்கு அஞ்சு நோயாளிங்க.”

அவரை வேலையை விட்டு நீக்கியிருக்க வேண்டும் என்றும், நீக்கினால் சைக்கிள் எண்ணிக்கை பூஜ்யமாகிவிடும் என்பதால் கண்டிப்பதோடு விட்டுவிடுவதாகவும் தீர்ப்பானது. புகையண்ணன் எழுந்து நின்றார்.

“சரிங்க. எனக்குச் சைக்கிள் கூட வேணாம். அதுல இருக்கிற திண்டை மட்டும் குடுத்துடுங்க. எங்க அக்கா தைச்சது.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அதை எடுத்துட்டா காட்சி மூளியா இருக்குமே,” என்றார் மேடம். “வேணும்னா ஒண்ணு பண்ணலாம். நீங்க தினமும் வந்து பார்த்துக்கலாம். பார்க்கிறதுக்கு உங்ககிட்ட அனுமதிச் சீட்டு கேட்க மாட்டோம்.”

அவர் தினமும் வந்து பார்த்தார். துணி எல்லாம் வெந்து அறுவை அறைக்குப் போன பிறகு, கையைத் துடைத்துக்கொண்டு முன்கூடத்துக்கு வந்து பெட்டியின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார். விளக்கு வெளிச்சத்தில் நீலக் கட்டம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. பின்பக்கத் தையல் கொஞ்சம் கோணல்தான். நடுவில் அந்தப் பள்ளம் அப்படியே இருந்தது.

விருது கிடைத்தது. அதை மாட்டும் விழாவைப் பெட்டியின் முன்னாலேயே வைத்தார்கள். வெளியூர்களிலிருந்தெல்லாம் பெரியவர்கள் கார்களில் வந்திருந்தார்கள். புகையண்ணன் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்ததால் அவரைத் தேட வேண்டிய சிரமம் இருக்கவில்லை. இயக்குநர் அவர் தோளில் கை போட்டுக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார்.

“இவரைப் பாருங்க. தினமும் இதே இடத்துல வந்து நிப்பார். கண்ணு கலங்கும். நானே ரெண்டு மூணு தடவை பார்த்திருக்கேன். ஒரு சைக்கிள் மேல மனுஷன் இவ்வளவு பாசம் வைக்க முடியுமான்னு எனக்கே மலைப்பா இருக்கும். எங்க நிறுவனம் இவருக்குக் கொடுத்தது இந்தப் பாசத்தைத்தான்.”

மைக்கை அவர் வாயருகே நீட்டினார்கள். புகையண்ணன் கூட்டத்தைப் பார்க்கவில்லை.

“அந்தத் திண்டைக் குடுத்துடுங்க ஐயா. எங்க அக்கா உக்காந்தது.”

மேடம் மெல்ல மைக்கை வாங்கிக்கொண்டார். “உணர்ச்சிவசப்பட்டுட்டார்,” என்றார் கூட்டத்திடம். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாளும் அவர் இருட்டோடு நடந்து வந்தார். வாசலில் காவலர் அவரைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்தார். என்ன நினைத்தாரோ, போய்க் குறுக்குக் கட்டையைக் கையாலேயே உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இப்படி வாங்கண்ணே.”

“எனக்கு எதுக்குய்யா கட்டை,” என்று சொல்லிவிட்டுப் புகையண்ணன் சின்ன வாசல் வழியாகவே உள்ளே போனார்.

பாய்லர் அறைச் சுவரில் சிஸ்டர் அன்றைய அறுவைப் பட்டியலை ஒட்டி வைத்திருந்தாள். முதலில் ஒரு பெண் பெயர், எதிரே அறுபதுக்குச் சற்றுக் குறைந்த வயது. யாருக்கோ அக்காவாக இருப்பாள். வெளியே எங்கோ அவள் தம்பி உட்கார்ந்துகொண்டிருப்பான். புகையண்ணன் செருப்பைக் கூடக் கழற்றாமல் பர்னரைப் பற்ற வைத்துவிட்டு, முள் எழும்புகிற வரைக்கும் அதன் முன்னாலேயே நின்றார்.